ரிங் கட்டப் போகும் கடலூர், புதுச்சேரி இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ரெஸ்லிங் குழு தொடங்கி, மைதானம் பார்த்து, ஆள் சேர்க்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டிய அலுவலர்களுக்கும் வணக்கம்.

"அதெல்லாம் பொய்யாமே" என்று வீட்டில் கேட்பார்கள், ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பதால். அவர்களைப் படுகளத்துக்கு அழைத்துப் போங்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கூத்தில் வீமன் வேடம் கட்டியவரும் துரியோதனன் வேடம் கட்டியவரும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி அடித்துக்கொள்வார்கள். யார் விழப்போகிறார் என்பது அங்கே நிற்கிற பாட்டிக்கும் தெரியும், அப்பன் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெளியே நிற்கும் கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான், வீமன் இடுப்புக்குக் கீழே அடிக்கிறான். ரெஸ்லிங் பாஷையில் இது மேனேஜர் குறுக்கீடு, அப்புறம் லோ ப்ளோ. செய்கிறவன் ஹீரோ! இருந்தும் ஒருவரும் எழுந்து போவதில்லை. துரியோதனன் விழுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அவர்களை நிற்க வைக்கிறது.

அந்த நேரத்தைத்தான் இன்றைய ரெஸ்லிங் தொலைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் போனில் வரும் முப்பது விநாடி கிளிப்பில் ஒருவன் மேல்கயிற்றிலிருந்து இரண்டு சுற்றுச் சுற்றி விழுவான். விழுந்தவன் என்ன ஆனான் என்பதற்குள் கிளிப் முடிந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் ரிங் கட்டினால் முதல் நிகழ்ச்சியிலேயே ஒருவருக்குக் கழுத்து போகும், மூன்றாவது நிகழ்ச்சியில் கூட்டம் போகும். இரண்டையும் தவிர்க்க வழி உண்டு. அதற்குப் பழைய ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிஜச் சண்டையைப் பற்றி ஒன்று. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். நாடகம் எதுவும் இல்லாத அசல் குஸ்தி. காமாவின் பலத்தைக் கண்ட ஸ்பிஸ்கோ தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் அதே கோலம்தான், கடைசியில் டிரா. அடுத்த வாரம் வைத்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928இல் பாட்டியாலாவில் திரும்ப மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். ஒன்று இரண்டரை மணி நேரம், இன்னொன்று ஒரு நிமிடம்கூட இல்லை. காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு இரண்டிலும் வயிறு நிறையாது. 1920களில் அமெரிக்காவில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் மூவரும் நேர வரம்பு வைத்து, வேகம் கூட்டி, முடிவைத் திட்டமிட்டு ஆட்டத்தை மாற்றியது இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான். ஆக, திட்டமிட்ட சண்டை என்பது ஏமாற்று வேலையாக மட்டும் பிறந்ததில்லை, பார்வையாளனுக்காகச் செய்த ஏற்பாடு அது. பிரெஞ்சில் இதற்கு 'காட்ச்' என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆந்த்ரே தி ஜெயன்ட் அந்த பிரெஞ்சு 'காட்ச்' மேடையில் தொடங்கியவர்தான். புதுவைக்காரர்கள் உரிமையோடு பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது ரிங். இதில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் எல்லாரும் காசை மிச்சம் பிடிப்பார்கள்.

அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் ரிங் 20 அடிக்கு 20 அடி. அதன் பழைய போட்டி நிறுவனம் டபிள்யூசிடபிள்யூ 18 அடி வைத்திருந்தது. நீங்கள் 16க்கும் 18க்கும் இடையில் நில்லுங்கள். புதியவர்களுக்குக் கயிற்றுக்குக் கயிறு மூன்று எட்டில் ஓடிப் பழகுவது எளிது. கீழிருந்து மேலே அடுக்கு இப்படி: நான்கு இரும்புத் தூண், அவற்றை இணைக்கும் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், மேலே பலகை, பலகைமேல் ஃபோம், ஃபோம்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். பலகை ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது, எல்லாப் பலகையும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று கால் அங்குலம் தூக்கியிருந்தால் விழுகிறவனின் முதுகெலும்பு அதைக் கண்டுபிடித்துவிடும்.

மேடை போடுகிற தச்சர்கள் பழக்கதோஷத்தில் பலகையைச் சட்டத்தோடு வரிசையாக ஆணியடித்து இறுக்கிவிடுவார்கள். கல்யாண மேடைக்கு அது சரி. ரிங்கில் பலகை நடுவில் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், அந்த வளைவுதான் அடியை வாங்கிக்கொள்கிறது. அடியில் இருக்கும் காலி இடம் மத்தளம் மாதிரி முழங்குவதால் சத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. நகராமல் இருக்க ஓரங்களில் மட்டும் கட்டை கொடுத்து அணைத்தால் போதும். ஆணித்தலை எதுவும் மேலே தெரியக் கூடாது.

ஃபோம் ஓர் அங்குலம் போதும், கெட்டியான ரகமாக இருக்கட்டும். "பாவம் பசங்க" என்று மூன்று அங்குல மெத்தை போடுகிற நல்ல மனசுக்காரர்கள் உண்டு. அப்படிப் போட்டால் பாதம் புதையும், உடம்பு திரும்பும்போது பாதம் கூடத் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கான்வாஸை நாலு பக்கமும் அடியில் கயிறு கோத்து இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒருவர் ஏறிக் காலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணி சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் அடுத்த மணி அடிக்கக் கூடாது. கறுப்பு கான்வாஸ் டிவியில் அழகு. சித்திரை மாசத்துக் கடலூரில் நாலு மணிக்கு அதன்மேல் வெறும் முதுகோடு விழுந்து பார்த்தால்தான் தெரியும். வெளிர் நிறம் வாங்குங்கள்.

கயிறு மூன்று, மூலைக்கு மூன்று டர்ன்பக்கிள் (கயிற்றைத் தூணோடு இறுக்கும் திருகு), ஆக மொத்தம் 12. டபிள்யூடபிள்யூஇயில் நிஜக் கயிற்றின்மேல் டேப் சுற்றியிருப்பார்கள். சின்னக் குழுக்கள் பெரும்பாலும் இரும்புக் கம்பிவடத்தை ரப்பர் குழாய்க்குள் விட்டுக் கட்டும். இரண்டாவது வழிதான் மலிவு, நம் ஊரில் அதுதான் ஆபத்தும். உப்புக்காற்று குழாய்க்குள் புகுந்துவிடும், கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கிற யாரிடமும் கேளுங்கள், கம்பிவடம் எப்படி உள்ளிருந்து சாகும் என்று விளக்குவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றிப் பார்த்து, ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தையே மாற்றுங்கள். டர்ன்பக்கிளில் வாய் திறந்த கொக்கி வேண்டாம், மூடிய வளையமாக இருக்கட்டும். கயிறு தொய்ந்திருந்தால் ஓடி வருகிறவன் வெளியே போவான். ரொம்ப இறுகியிருந்தால் விலா எலும்பில் கம்பால் அடித்த மாதிரி இருக்கும். பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியது: கயிற்றில் முதுகு படும்போது மேல்கயிற்றைக் கைக்குள் அணைத்துப் பிடி. கீழே எது அறுந்தாலும் அந்தக் கை உன்னை ரிங்குக்குள் வைத்திருக்கும்.

சில்வர் பீச் மணலில் போடத்தான் எல்லாருக்கும் ஆசை. மணலில் நான்கு தூணும் ஒரே அளவு இறங்காது. ஒரு மூலை இரண்டு அங்குலம் இறங்கினாலே எதிர்மூலைக் கயிறு தொய்ந்துவிடும். தூணுக்கடியில் அகலமான கட்டைகளை இரண்டடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, ஆட்டத்துக்கு முந்தைய நாளே ரிங்கை நிறுத்தி, ஏழெட்டுப் பேர் ஏறி மிதித்து, மறுநாள் காலையில் மட்டம் பார்த்துக் கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும். கடற்கரையில் இருட்டியதும் ஈரம் இறங்கி கான்வாஸ் வழுக்கும், கடைசி ஆட்டத்துக்குள் துடைக்க ஆளும் துண்டும் தயாராக இருக்கட்டும். மஞ்சக்குப்பம் மைதானமோ உப்பளத்து உள்ளரங்கமோ கிடைத்தால் மணலை மறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் திறந்தவெளி நிகழ்ச்சி என்று போஸ்டரே அடிக்காதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறியது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான்.

ரிங் தயார். இனி விழக் கற்க வேண்டும், அடிப்பதெல்லாம் பிறகு.

விழுவதை பம்ப் என்பார்கள், முதலில் கற்பது பின்பக்க பம்ப். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். கைகளை உடம்பிலிருந்து பாதி அகலத்துக்கு விரித்து, உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படவேண்டும், மூச்சை வெளியே விட்டபடி. தாடை விலகினால் பின்மண்டை அடிக்கும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும், புதியவர்களுக்கு முதல் வாரத்தில் வரும் காயம் இதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அரை நிமிடம் மீன் மாதிரி வாய் திறந்து கிடக்க வேண்டியதுதான். முதலில் உட்கார்ந்த நிலையில், பிறகு குந்திய நிலையில், பிறகு நின்று. ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து தடவைக்கு மேல் விழ வேண்டாம். தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு அத்தோடு வீடு. ஆறு மாதம் இப்படிப் போகாமல் யாரையும் கூட்டத்தின் முன் ஏற்றாதீர்கள் என்பது எங்கள் கருத்து. நெய்வேலியிலோ லாஸ்பேட்டையிலோ ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறவரும் இதற்கு விலக்கில்லை. தூக்கத் தெரிந்த உடம்புக்கு விழத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலும் ஒரு மரபு உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் தலைப்பிடி, கைப்பிடி எல்லாம் இடப்பக்கம் போடுவார்கள், மெக்சிகோ லூச்சாவில் வலப்பக்கம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் குழு முழுக்க ஒன்றே இருக்கட்டும். ஒருவர் இடமும் மற்றவர் வலமும் எதிர்பார்த்தால் மண்டையும் மண்டையும் மோதும். பிடியில் இருக்கும்போது எதிராளியின் கையை ஒரு தடவை அழுத்துவது 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பதற்கான அடையாளம். பதில் அழுத்தம் வரவில்லை என்றால் ஆட்டத்தை மெதுவாக்கு, ரெஃப்ரியைப் பார். ரெஃப்ரி இரண்டு கையையும் தலைக்குமேல் பெருக்கல் குறியாகப் பிடித்தால் நிஜக் காயம், கதை எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். ரெஃப்ரிதான் ரிங்கில் மிக முக்கியமான ஆள். நேரம் சொல்வது, சேதி கடத்துவது, காயம் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அந்த இடத்துக்கு 'சும்மா இருக்கிற ஒருத்தனை' நிறுத்தாதீர்கள்.

இப்போது எங்கள் பழைய சண்டைக்கு வருகிறோம். பழசா, புதுசா?

1987 மார்ச் 29, அமெரிக்காவின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 3. ஹல்க் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்ட நாள். முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆந்த்ரே உடைக்கடியில் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார், நடப்பதே சிரமம். அந்த ஆட்டத்தில் நடந்த மூவ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொடக்கத்திலேயே ஹோகன் தூக்கப் பார்த்து, முடியாமல், ஆந்த்ரே மேலே விழ, முதுகைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அந்த ஒரு தோல்விதான் கடைசியில் தூக்கியபோது கூரையைப் பெயர்த்தது. அதே மாலையில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது கால் மணி நேரம்கூட வராது. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்து மனப்பாடம் செய்யச் சொன்ன ஆட்டம் அது. வேகத்தில் இன்றைய ஆட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை சாவேஜ் நசுக்கிய கதை அதன் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. முடிவிலும் அந்த மணிதான் சாவேஜைக் கவிழ்த்தது. புதுசை ரசிக்கிறவர்களும் பழசை ரசிக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கக் கூடிய ஆட்டம் என்றால் எங்கள் கணக்கில் இது முதலாவது.

1997 மார்ச் 23, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். பயிற்சியில் இதன் வீடியோவைப் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். ஹீரோவாக வந்த பிரெட் வில்லனாக வெளியே போகிறார், வில்லனாக வந்த ஆஸ்டின் ஹீரோவாகிறார். காலை முறுக்கி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியில் ரத்த முகத்தோடு கிடந்தும் 'விட்டுவிடு' என்று சொல்லாமல் மயங்கிப் போனதுதான் அவர் செய்தது. தோற்றவர் அவர்தான்! ஜெயிப்பவனுக்குத்தான் கைதட்டல் என்று நினைக்கிற குழுத்தலைவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2002இல் டொரன்டோவில் ராக்கும் ஹோகனும் ஆடியபோது வில்லன் ஹோகனுக்குக் கூட்டம் கத்தியது. இருவரும் அந்த இடத்திலேயே ஆட்டத்தின் போக்கை மாற்றிக்கொண்டார்கள். கூட்டத்தின் காதைத் திறந்து வைத்திருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

புதிய ஆட்டத்தில் எங்களுக்குக் குறை இது ஒன்றுதான்: எதற்கும் மதிப்பு இல்லாமல் ஆக்குகிறார்கள். ஜேக் ராபர்ட்ஸ் டிடிடி (எதிராளியின் தலையைக் கக்கத்தில் பிடித்துப் பின்னால் விழுவது) போட்டால் ஆட்டம் முடிந்தது என்று எழுந்துபோகலாம். இன்றைக்கு டிடிடி நடுவில் வந்துபோகும் ஒரு மூவ். ஷான் மைக்கேல்ஸ் காலைத் தரையில் தட்டிக் காத்திருந்து உதைத்த சூப்பர்கிக்கை இப்போது ஓர் ஆட்டத்தில் பத்துப் பேர் பத்துத் தடவை உதைக்கிறார்கள். ஃபினிஷரை, அதாவது ஆட்டத்தை முடிக்கும் மூவை, வாங்கிக்கொண்டு, ரெஃப்ரி மூன்று எண்ணி முடிப்பதற்குள் இரண்டேமுக்காலில் தோளைத் தூக்குவது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். மாதம் நான்கு தடவை நடந்தால் கடலை கொறிக்கும். உங்கள் குழுவில் முதல் ஓராண்டு யாரும் யாருடைய ஃபினிஷரிலிருந்தும் எழக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. 90களின் கடைசியில் திங்கட்கிழமை ஆட்டங்கள் பல மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், மீதி நேரம் மைக் பேச்சு. பெண்களை உள்ளாடைப் போட்டியில் நிறுத்திய காலமும் அதுதான். இன்றைக்கு வந்திருப்பதில் பல விஷயங்கள் மேல். 2019 ரெஸில்மேனியாவில் கடைசி ஆட்டமே பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌசி, ஷார்லட் ஃபிளேர் ஆடியது. 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடம் ஆடியதில் மூவ்களுக்கும் குறைவில்லை, வலிக்கும் குறைவில்லை. குந்தர் இன்றைய ஆள், ஆனால் ஆடுவது நெஞ்சில் அறையும் பழைய ஆட்டம். அவர் 666 நாள் டபிள்யூடபிள்யூஇயின் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை வைத்திருந்ததில் அந்த பெல்ட்டுக்கே மரியாதை வந்தது. ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் சாம்பியனாக இருந்த கதையில் நடுவே தொய்வு உண்டு, ஆனால் ஒரு குடும்பச் சண்டையை இத்தனை காலம் இழுத்ததில் நம் ஊர் சீரியல்காரர்களே கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

நம் நாட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்பீர்கள். தாரா சிங்கின் பெருமை தனி, 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றவர். தி கிரேட் காலி 2007இல் சாம்பியனானபோது இங்கே பள்ளிக்கூடத்து டிரம்ப் கார்டில் அவர் சீட்டு வந்தவன் ராஜா. ஆனால் ஆட்டக்காரராக அவரிடம் கற்க அதிகம் இல்லை, அந்த உயரமும் எடையும் முழங்காலைத் தின்றுவிட்டன. கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளிக்காரர் ஜிந்தர் மஹால் 2017இல் பெல்ட் வாங்கியதில் அவர் உழைப்பு உண்டு. கதை எழுதியவர்கள்தான் 'வெளிநாட்டான்' என்ற ஒற்றை வரியில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஒற்றை வரி உங்களுக்கும் ஆசை காட்டும். கூட்டத்தின் கோபத்தைக் கிளப்ப குறுக்குவழி எங்கே கிடைக்கும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீலின், அதாவது வில்லனின், பெயர், துண்டு, முகச்சாயம், என்ட்ரி பாட்டு எதிலும் சாதியோ கட்சியோ மதமோ மணக்கக் கூடாது. இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே கொடி என்று படிக்கிற ஊர் இது. உடையைத் தைப்பதற்கு முன் வெவ்வேறு தெருவைச் சேர்ந்த நாலு பேரிடம் காட்டிவிடுங்கள். கடலூர்க்காரன், பாண்டிக்காரன் சண்டை வைத்துக்கொள்ளலாம், அதில் யாருக்கும் தலை உடையாது. ஹீலுக்கு நல்ல குணங்கள் நம்மிடமே நிறைய இருக்கின்றன: பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவன், மாதச் சீட்டுப் பணத்தை இழுத்தடிப்பவன், பந்தியில் இரண்டாவது இலைக்கு உட்காருபவன். இவர்களில் ஒருவன் கயிற்றில் கால் வைத்துத் திருட்டுத்தனமாக மூன்று எண்ண வைத்தால் ஊரே கத்தும்.

ஆட்டத்தின் அமைப்பு பழையதே போதும். முதல் மூன்று நிமிடம் ஹீரோ கை ஓங்கும். ஹீல் ஏமாற்றி ஓர் இடத்தில் அடிக்கிறான், முழங்கால் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து நிமிடம் அதே முழங்கால்தான், வேறெங்கும் போகக் கூடாது. நடுவில் இரண்டு தடவை ஹீரோ எழப் பார்த்து விழ வேண்டும். பிறகு மீட்சி, பிறகு முடிவு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஜெயித்த பிறகும் அவன் நொண்டிக்கொண்டே இறங்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் நொண்டல் மறந்து ஓடுகிறவன்தான் மொத்த ஆட்டத்தையும் பொய்யாக்குகிறான். கையைப் பிடித்து வீசினால் ஏன் ஓடுகிறான் என்று கேட்கும் மாமாக்கள்கூட நொண்டல் சரியாக இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

வேண்டாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தலையில் நாற்காலி அடி வேண்டாம், டபிள்யூடபிள்யூஇயே 2010இல் நிறுத்திவிட்டது. பிளேடு வைத்து நெற்றியைக் கீறுவது வேண்டவே வேண்டாம், ரத்தத்தில் பரவும் நோய்க்கு வில்லன் யார் ஹீரோ யார் என்று தெரியாது. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் பைல்டிரைவர் வேண்டாம். அண்டர்டேக்கர் போடும்போது முழங்காலில் இறங்குவார், எதிராளியின் தலை அவர் தொடைக்கு நடுவே மேலே இருக்கும், தரையில் படாது. 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட் முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்து போட்டார், ஆஸ்டினின் தலை கீழே தொங்கியது, கழுத்து போனது. ஆயிரம் தடவை ஆடியவர்களுக்கே இந்தக் கதி. ஜப்பானின் மிசாவா 2009 ஜூனில் பின்பக்கமாகத் தூக்கிப்போட்ட ஒரு சாதாரண மூவில் ரிங்கிலேயே நினைவிழந்து, அன்றிரவே இறந்தார்.

கிரேன் என்ட்ரி பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செடல் திருவிழாவிலும் அரசியல் மாலைக்கும் கிரேனைக் கூப்பிட்டுப் பழகிய ஊர் நம்முடையது, யாராவது ஒருவர் நிச்சயம் இந்த யோசனையோடு வருவார். 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட்டை மேலிருந்து இறக்கியபோது, சட்டென்று கழலும் கொக்கி நடுவானில் கழன்று, அவர் விழுந்து இறந்தார். ஹீரோ நடந்து வரட்டும். கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் சலங்கை மட்டும் கேட்கும், வேடம் தெரிய நேரமாகும். அதைவிடப் பெரிய என்ட்ரியை எந்த கிரேனும் கொடுத்ததில்லை. இரண்டு வேட்டி வாங்கும் செலவுதான்.

வர்ணனையும் கூத்திலிருந்து கற்கலாம், கட்டியங்காரனுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும். புறநானூற்றின் 80ஆம் பாட்டில் ஆமூர் மல்லனைச் சோழன் நற்கிள்ளி வீழ்த்துவதைச் சாத்தந்தையார் சொல்கிறார்: ஒரு கால் அவன் மார்பில், மறு கால் பின்பக்கம். கால் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்கிறார். உங்கள் வர்ணனையாளரும் அதைச் சொன்னால் போதும். பஞ்ச் டயலாக் வேண்டாம்.

அலுவலர்களுக்கு. 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனமே 'இது பொழுதுபோக்கு, போட்டி விளையாட்டு இல்லை' என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் குறையும் என்பதுதான் காரணம். அதில் ஆட்டத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையும் கூடவே விடுபட வழி வந்தது. இங்கே இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அனுமதியைக் கலைநிகழ்ச்சி என்றே கொடுங்கள், 'அடிதடி' என்று கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் மருத்துவர் ஒருவர், கழுத்துப் பட்டை, முதுகெலும்பு அசையாமல் தூக்கும் பலகை, வாசலில் வண்டி நான்கும் இல்லாமல் மணி அடிக்க விடாதீர்கள். மயங்கிக் கிடப்பவனைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைக்கிற நம் ஊர்ப் பழக்கம் கழுத்துக் காயத்தை முடமாக்கிவிடும். ரிங்குக்கும் தடுப்புக்கும் இடையே எட்டு அடி விடச் சொல்லுங்கள். தரையில் மெத்தை இல்லாத இடத்தில் ரிங்குக்கு வெளியே பாய்வதைத் தடை செய்யுங்கள். தலையில் அடிபட்டவர் மருத்துவர் எழுதிக்கொடுக்கும்வரை மறுபடி ஏறக் கூடாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே சேருங்கள்.

தம்பிகளே, முதல் நிகழ்ச்சிக்கு ஐந்து ஆட்டம் போதும், சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள், கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றாதீர்கள். இடைவேளையில் பிள்ளைகள் கயிற்றைத் தொட ஓடி வருவார்கள், நாலு மூலைக்கும் நாலு பேர் நிறுத்துங்கள். ஒத்திகை நாளில் எங்களைக் கூப்பிட்டால் கயிறு இழுக்கவும் பலகை சுமக்கவும் வருகிறோம். நிகழ்ச்சி நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறோம், ஹீலுக்குக் கத்துவதற்கு.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி ரசிகர்கள் சிலர்